தம் பிடித்து ஏறிய ஒன்பது மாடி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பத்துக் கிலோ அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்தால், லிஃப்ட் பழுது. வீடு ஒன்பதாவது மாடி. "கீழேயே வச்சிட்டுப் போலாம்பா" என்றாள் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள். எனக்கோ கௌரவம். போதாக்குறைக்கு அப்போதுதான் இரண்டு தோசையும் மூன்று வடையும் உள்ளே போயிருந்தன. ஏற வேண்டியதுதானே?

ஜாலான் புசாரில் ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறவன் நான். கனமான எதையும் தம் பிடித்துத்தான் தூக்குவேன். அன்றும் மூட்டையைத் தோளில் போட்டு, மூச்சை அடக்கி அடக்கி ஏறினேன். மறுநாள் பயாலஜி டெஸ்ட் என்பதால் மகள் பின்னால் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறதாம். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் வைத்து அதுதான் சக்தி தயாரிக்கிறதாம்.

நான்காவது மாடியில் தொடை எரிந்தது. ஐந்தில் காது அடைத்தது. ஆறில் சுவர் லேசாக நகர்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்ட மூன்று வடையும் எங்கே போயின?

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். நெஞ்சு அடித்த அடியில் எனக்கும் பயம் வந்துவிட்டது.

மேலேயிருந்து நர்ஸ் யூனிஃபார்மில் ஒரு பெண் இறங்கி வந்தார். வேலைக்குப் போகிற அவசரம். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தார். "நெஞ்சு வலிக்குதா? கை வலிக்குதா?" இல்லை என்று தலையாட்டினேன். "அப்புறம் ஏன் மூச்சப் புடிச்சு வச்சிருக்கீங்க? விடுங்க லா."

"தம் புடிச்சாத்தானே பலம் வரும்?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்ளோ நேரம் நான் என்னப்பா சொல்லிட்டு வந்தேன்? ஆக்சிஜன் பத்தலன்னா எனர்ஜி எங்கேருந்து வரும்? லாக்டிக் ஆசிட்தான் வரும்."

"பொண்ணு பாஸாயிடும். நீங்கதான் டவுட்டு" என்றார் அந்தப் பெண். என் தலைசுற்றல் நிற்கும்வரை இருந்துவிட்டு, மூட்டையின் ஒரு முனையை அவரும் மறு முனையை மகளும் பிடித்துக்கொண்டு வீடு வரை தூக்கி வந்தார்கள். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். "நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றவர், பெயர் கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். காட்டினேன். டாக்டர் வடையைக் குறைக்கச் சொன்னார்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்னதான் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் குழப்பம்தான். ஆனால் கடையில் எதையாவது தூக்கக் குனியும்போதெல்லாம், யாரென்றே தெரியாத ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து "விடுங்க லா" என்று சொல்வது கேட்கிறது, நானும் பிடித்த மூச்சை விட்டுவிடுகிறேன்.