சகலையின் பேச்சில் பாதி

கர்த்தருக்கு நன்றி. சபையார் எல்லாருக்கும் வணக்கம். இந்தச் சபையில் நான் எழுந்து நிற்பது இதுதான் முதல் தடவை. ‘சாட்சி சொல்ல யாராவது உண்டா?’ என்று பாஸ்டர் கேட்கும்போதெல்லாம் நான் குனிந்து பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றும் மனதிலிருந்து பேசத் தைரியம் இல்லை. வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசிக்கிறேன்.

நான் மாமல்லபுரத்தில் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வெளிநாட்டு விருந்தினர்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்து கடற்கரைக் கோயில், குடைவரைகள் எல்லாம் சுற்றிக்காட்டுவது என் வேலை. ‘சார் கம், சார் கோ, ஃபைவ் மினிட்ஸ்’. இதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

சென்ற ஜூலையில் மேனேஜர் டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டார். இனி வெளிநாட்டுக்காரர்களின் வண்டியைத் தொட வேண்டுமானால் ஆங்கிலத்தில் பேசும் தேர்வில் தேற வேண்டும் என்றார். எழுத்து கிடையாது, பேச்சு மட்டும். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். இரண்டு நிமிஷம் கோர்வையாகப் பேச வேண்டும். பிறகு கேள்வி கேட்பார்கள். தேறாதவர்கள் ஓசூர் கிளைக்குப் போய் கம்பெனி பஸ் ஓட்ட வேண்டும்.

என் மனைவி எஸ்தருக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். மகள் பொத்தேரியில் படிக்கிறாள். நான் ஓசூர் போய்விட்டால் எஸ்தரைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்ற ஆளில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு வேதனையும் இருந்தது. அதன் பெயர் ஜெயசீலன். என் சகலை, எஸ்தரின் தங்கை ரூத்தின் கணவர். இதோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அந்த டிராவல்ஸில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வந்த கொஞ்ச நாளில் வெள்ளைக்காரர்கள் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ‘ஜெய் வருவாரா?’ என்று கேட்டு வண்டி பதிவு செய்தார்கள். என் பெயரைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

தேர்வுச் செய்தி வந்த அன்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்: “இன்னா அண்ணாத்த, போன வாரம் நீ இட்டுகினு போன வெள்ளைக்காரன் இங்கிலீஷையே மறந்து பூட்டானாமே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் எஸ்தர், “ரூத்து வூட்டுக்காரர்கிட்ட கத்துக்கினா இன்னா? கொறஞ்சா பூடுவே?” என்றாள். ஆமாம், குறைந்து போவேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சபையிலும் ஜெயசீலன்தான் முன்னால். அவர் சாட்சி சொல்லும்போது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எஸ்தர் நல்ல கையைத் தூக்கி ஆமென் சொன்னாள். நான் மட்டும், எங்காவது தடுமாறுவாரா என்று ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தடுமாறவே இல்லை.

கம்பெனி எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்தது. சின்ன வயதுப் பெண். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். ‘மை ஹவுஸ். திருப்போரூர். வொய்ஃப். டாட்டர். வாட்டர் நோ’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அண்ணா, வார்த்தை உங்ககிட்ட இருக்கு. ஒன்னு ஒரு பக்கம், ஒன்னு ஒரு பக்கம் நிக்குது. கையக் கோத்துக்கல” என்றார். தினமும் வண்டியில் தனியாகப் பேசிப் பார்த்தேன். வார்த்தைகள் கை கோக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், விருந்தினர்கள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். சவுக்குத் தோப்பு நிழலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதேன். எப்படி ஜெபிப்பது என்றுகூடத் தெரியவில்லை. ‘ஆண்டவரே, அந்த ஜெயசீலன் பேச்சில் பாதியை எடுத்து எனக்குக் கொடும். தேறினால் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறேன்’ என்றேன். பொறாமையில் செய்த ஜெபம்தான். அதையும் ஆண்டவர் கேட்டார்.

மறுநாள் எனக்கு முன்னால் ஜெயசீலன் உள்ளே போனார். கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, “ஒன்னும் இல்ல அண்ணாத்த, ஜாலியா பேசு” என்றார். ஜாலியாம்.

உள்ளே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தலைப்பை அவரே வாசித்துச் சொன்னார். உனக்கு யாரோ உதவி செய்த சமயத்தைப் பற்றிப் பேசு என்பது தலைப்பு. யோசிக்க ஒரு நிமிஷம். தலைக்குள் ஒன்றுமே இல்லை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். வெளியே ஜெயசீலன் கையை ஆட்டி ஆட்டி மற்றவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சபையில் நிற்கும் அதே நிலை.

அப்போதுதான் எனக்குள் அது திறந்தது. அவர் சாட்சி சொல்லும் விதம் முழுக்க எனக்கு மனப்பாடம். முதலில் கஷ்டத்தைச் சொல்வார். அது எப்படி வந்தது என்பார். தவித்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். பிறகு உதவி. கடைசியில் நன்றி. அன்போடு கேட்டவர்கள் மறந்திருப்பார்கள். நான் எரிச்சலோடு கேட்டதால் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

‘மேடம், தட் டே பிக் ரெயின்’ என்று ஆரம்பித்தேன். மகளுக்கு நல்ல காய்ச்சல், அதனால் வண்டியை எடுத்தேன், ஆனால் கோவளத்துக்கு முன்னால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. பிறகு மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். ‘ஸோ’, ‘பட்’, ‘தென்’ என்று ஒவ்வொன்றும் தானாக வந்து அடுத்ததன் கையைப் பிடித்தது. இலக்கணம் தப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நான் நிற்கவில்லை. முடிக்கும்போது, ஜெயசீலன் சாட்சியை முடிக்கிற மாதிரியே, ‘மேடம், யூ ஆல்ஸோ, டிரபிள் கம், டோன்ட் ஃபியர்’ என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பயந்தாயா என்று கேட்டார். ‘யெஸ் மேடம். பிகாஸ், ஒன்லி ஒன் டாட்டர்’ என்றேன்.

தேறிவிட்டேன். ஜெயசீலனும் தேறினார். சரளத்துக்கு அவருக்குத்தான் அதிக மதிப்பெண். கோர்வைக்கு எனக்கு அதிகம். அன்று இரவு எஸ்தர் தன் நல்ல கையால் எனக்குச் சோறு போட்டாள். மறுநாள் காலை வழக்கம்போலச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். இப்போது விருந்தினர்களிடம் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுகிறேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இன்று காலை அவருடைய புதுச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். சுத்தமான மனது வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற மனதோடு கேளுங்கள். அவர் கொடுப்பார்.

தேர்வு முடிந்த அன்று ஜெயசீலன் என் முதுகில் தட்டி, “எங்க அண்ணாத்த கத்துகினே?” என்று கேட்டார். யூடியூபில் என்று சொல்லிவிட்டேன்.

ஜெயசீலா, உன்னிடம்தான்.