பொட்டு வைத்த மோடம்

செனாவாங்கில் மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருந்த அந்த வாடகை வீட்டுக்குத் திருநாவுக்கரசைத் தலைவனாக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இன்டர்நெட் லைன் அவன் பெயரில் பதிவாகியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு கையெழுத்துக்கே அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சுவா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் தாத்தா ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தாராம். அந்த வேலை போய் ஐம்பது வருஷமாகியும் அதட்டல் மட்டும் பேரனிடம் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

போன மாதம் இடி விழுந்து மோடம் கருகியது. அரசு என்று கூப்பிடப்படும் திருநாவுக்கரசு எங்கிருந்தோ அதே மாதிரி பழைய மோடம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் வைஃபை வேலை செய்யாது. வயர் மாட்டும் ஓட்டைகளிலும் ஒன்றுதான் உருப்படி. ஆக, மூன்று பேருக்கும் ஒரே ஒரு நீல வயர். கைப்பேசியை நம்பலாம் என்றால் அந்த வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அரசு தினமும் காலையில் மற்ற இருவரான வசந்தனையும் சஞ்சீவையும் ஹாலில் நிறுத்தி, "பெரட்டு!" என்று கத்தி வயருக்கு முறை பிரித்துக் கொடுப்பான். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பெயர் அது. இவனோ பால்மரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவன். சாயங்காலம் முழுக்க அவனுக்கு, ஆன்லைன் விளையாட்டில் துப்பாக்கி சுட. மத்தியானம் சோறு தின்னும் நேரம் வசந்தனுக்கு. சஞ்சீவுக்கு மிச்சம் மீதி.

வசந்தன் பொறுத்துப் போனான். அதை நல்ல குணம் என்று அவனே நினைத்துக்கொண்டதுதான் கொடுமை.

சரஸ்வதி பூசையன்று மாலை நான்கு மணிக்கு அவனுக்கு வீடியோவில் நேர்காணல். அந்தப் பயிற்சி வேலை கிடைத்தால்தான் இந்தப் பருவத்தோடு படிப்பு முடியும். விண்ணப்பித்த ஒன்பது கம்பெனிகளில் பதில் போட்டது இது ஒன்றுதான். ஒரு வாரத்துக்கு முன்பே அரசிடம் சொல்லித் தலையாட்டலும் வாங்கியிருந்தான்.

அன்று காலை பார்த்தால், சாமி மேடையில் புத்தகங்களுக்கு மேல் மோடம் உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம், உச்சியில் ஒரு செவ்வந்திப் பூ.

"நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். சாமிக்கு வச்ச சாமான்லா, கைய வைக்காத," என்றான் அரசு.

"டேய், நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூடா. சொன்னேன்ல?"

"படிப்பு குடுக்கிறதே சரஸ்வதிதான். அவங்கள பகைச்சிக்கிட்டு என்னா இன்டர்வியூ?"

"அப்ப உன் லேப்டாப்ப ஏன் வைக்கல?"

"குங்குமம் பட்டா கீபோர்டு கெட்டு ரோசாக் ஆயிடும்லா."

கோவிலுக்கு வருஷத்தில் ஒரு முறை, அதுவும் அன்னதானத்துக்குப் போகிற ஆளுக்கு வந்த பக்தியைப் பார்த்து வசந்தனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சாமி என்றதும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். வளர்ந்த விதம் அப்படி. லோபாக் பக்கம் வைஃபை உள்ள ஏதாவது கடையில் போய் உட்காரலாம் என்றால், இருந்த ஒரே மோட்டர் சைக்கிளை சஞ்சீவ் பூசைக்கு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றரை மணிக்கு, மேலே டை கட்டிய சட்டையும் கீழே அரைக்கால் சட்டையுமாக வசந்தன் சாமி மேடைக்கு முன்னால் நின்றான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தாயே, கோவிச்சுக்காத," என்று மோடத்தைத் தூக்கினான். அடிப்பக்கம் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. இடி விழுந்த மோடம்!

அரசின் அறைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வசந்தன் சோபாவை இழுத்தான். பின்னால், சுவரோரம், நல்ல மோடம் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீல வயர் அரசின் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. செத்ததைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு உயிரோடு இருப்பதைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறான். வசந்தன் குனிந்தான். வயரைப் பிடுங்கினான்.

கதவு படீரென்று திறந்தது. "டேய், எவன்டா அது? லைன் போச்சு!"

"சாமிகிட்ட இருக்கிற மோடத்துல உனக்கு எப்படிடா லைன் வந்துச்சு?"

அரசு போய் சோபாவில் சாய்ந்தான். வசந்தன் வயரின் மறுமுனையையும் அவன் அறையிலிருந்து உருவிக்கொண்டு வந்து, ஹாலில் தன் லேப்டாப்பில் மாட்டினான். லைன் வந்தபோது மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது.

"அஞ்சு மணிக்கு என் முறைலா, மறந்துடாத," என்றான் சோபாவில் சாய்ந்திருந்த அரசு. வெட்கம் என்பது அவன் முகத்தில் மருந்துக்கும் இல்லை.

வசந்தன் எழுந்துபோய்க் குங்குமத்தில் கட்டைவிரலை அழுத்தினான். திரும்பி வந்து அரசின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தான்.

"ரோசாக் ஆன சாமானத்தானே நீ பூசைக்கு வைப்ப? நாளைக்குக் காலையில வரைக்கும் இங்கயே இரு. அசையாத."