எடுத்த இடத்தில் வைக்காதே

சீதாலெட்சுமிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கிள்ளானில் அவர் வேலை பார்க்கும் லோரி கம்பெனியில் இது எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியான அவர் சத்தம் போட்டுத் திட்டினால் நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம். மெதுவாகப் பேச ஆரம்பித்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

அந்தக் கோபத்துக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. பள்ளி இறுதி எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் "எல்லாம் தலையெழுத்து" என்றார்கள். எழுதியது யார், எந்த ஆபீஸில் உட்கார்ந்து எழுதினார் என்று அந்தப் பெண் கேட்டபோது வாயாடி என்று பெயர் வைத்தார்கள். பிறகு தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ரப்பர் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை, கல்யாணம், குழந்தை, கணவரின் சாவு, லோரி கம்பெனி. மகள் புனிதா படித்து முடித்து செராஸில் வேலைக்குப் போன வருடம், ஐம்பது வயதில், சீதாலெட்சுமி பகுதி நேர மாணவியாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அதே பல்கலைக்கழகம்.

"இப்ப போயி படிச்சு என்னம்மா செய்யப்போறீங்க?" என்றாள் மகள்.

"உள்ள போயி பாக்கப்போறேன். அப்படி என்னதான் வெச்சிருக்காங்கன்னு."

உள்ளே போவதே பெரும்பாடாக இருந்தது. நூலக வாசலில் காவலர் அவரை நிறுத்தி, பிள்ளைக்காகக் காத்திருப்பதென்றால் வெளியே உட்காரச் சொன்னார். மாணவர் அட்டையைக் காட்டியதும் கண்ணைக் கீழே இறக்கி, செருப்பு போட்டு வரக்கூடாது, கால் மூடிய சப்பாத்து வேண்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை சப்பாத்தோடு வந்தார். கதவு அட்டையை ஏற்றுக்கொண்டது. கணினியில் புத்தகத்தைத் தேடி, திரையில் வந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு ஏறியவர் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் போய் நின்றார். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள் காதில் எதையோ சொருகிக்கொண்டு, பிறந்ததிலிருந்தே இங்கே குடியிருப்பவர்கள் போல நடந்துகொண்டிருந்தார்கள்.

கார்த்திகாதான் அவரைக் கண்டுபிடித்தாள். நூலக உதவியாளர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக, எண்ணை எப்படிப் படிப்பது, எந்த மாடி என்று திரையில் எங்கே பார்ப்பது, இங்கே இல்லாத புத்தகத்தை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து எப்படி வரவழைப்பது என்று காட்டினாள்.

"இதெல்லாம் கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

"புது மாணவர்களுக்கு ஒரு நாள் சுத்திக் காட்டுவோம்க்கா."

"எந்தக் கெழமை?"

"புதன்கிழமை. காலையில."

"வேலைக்குப் போறவன் படிக்க வரமாட்டான்னு முடிவே பண்ணிட்டீங்க."

கார்த்திகா சிரித்தாள். சீதாலெட்சுமி சிரிக்கவில்லை.

தமிழ் அலமாரிகள் நான்காவது மாடியின் கடைசி மூலையில், ஒழுகும் குளிரூட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. இந்த நாட்டுத் தமிழர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு அச்சடித்த எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தன: தொழிற்சங்க அறிக்கைகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், எவரும் விமர்சிக்காத கவிதைத் தொகுப்புகள். ரப்பர் தோட்டப் பெண்களின் வேலைநிறுத்தங்களைப் பற்றித்தான் அவர் ஆய்வுக் கட்டுரை எழுதவிருந்தார். ஒரு கோயில் குடமுழுக்கு மலரில், சாமி படங்களும் பிரமுகர் வாழ்த்துகளும் முடிந்து கடைசியில், கூலி உயர்வு கேட்டு பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்த பெண்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வேறு எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர்கள் கிடையாது. அந்தப் பக்கத்தை அவர் நெடுநேரம் மூடவில்லை.

சனிக்கிழமைகளில் அந்த மூலையில் ஒரு சிறு கூட்டம் இருக்கும். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழனியப்பன், வெளி உறுப்பினராகப் பணம் கட்டிச் சேர்ந்தவர். பொறியியல் மாணவன் ஜீவன், இந்திய மாணவர் கழகத்தின் தலைவன். பேச்சுப் போட்டிக்கு மேற்கோள் பொறுக்க வருவான். இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோரும் சத்தமில்லாமல் படிப்பார்கள். முடிந்ததும் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைப்பார்கள். பழனியப்பன் வைப்பதற்கு முன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சீதாலெட்சுமி கைக்குட்டையால் மேசையையும் துடைத்துவிட்டு நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் எழுவார்.

கல்விப் பருவத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை, அலமாரியின் பக்கவாட்டில் மலாயில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பயன்பாடு இல்லாத காரணத்தால் இந்தப் பகுதி நூல்கள் பருவ இறுதியில் கிடங்குக்கு மாற்றப்படும். அதன் பின்னும் தேவைப்படாதவை அகற்றப்படும்.

அகற்றப்படும் என்றால் எடைக்குப் போடப்படும். அந்தப் பெண்களின் பெயர்கள் நனைந்து கூழாகி முட்டை அட்டையாக வரும். சீதாலெட்சுமி படியிறங்கி நேரே முகப்பு அலுவலகத்துக்குப் போனார். பொறுப்பு அதிகாரி புவான் ரோஸ்னா மரியாதையாக எழுந்து நாற்காலி காட்டினார். பேச்சு மலாயில் நடந்தது.

"ஐந்து வருடமாக ஒருவர்கூட இரவல் எடுக்கவில்லை," என்று புவான் ரோஸ்னா திரையைத் திருப்பிக் காட்டினார்.

"எப்படி எடுப்போம்? எல்லாவற்றிலும் சிவப்புத் தாள் ஒட்டி, வெளியே கொண்டுபோகக்கூடாது என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? கடையைப் பூட்டிவிட்டு, வாடிக்கையாளர் வரவில்லை என்று கடையையே இடிக்கிறீர்களா?"

"அதனால்தான் உள்ளே படித்த கணக்கையும் பார்த்தோம். அதுவும் பூஜ்யம்."

"நான் ஒவ்வொரு வாரமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்."

"நம்புகிறேன். ஆனால் கணக்கில் இல்லை."

வெளியே வந்தபோது கார்த்திகா புத்தகத் தள்ளுவண்டியோடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. படிச்சு முடிச்சு புத்தகத்த எங்க வெக்கிறீங்க?"

"எங்க வெப்பாங்க? எடுத்த எடத்துல. நான் என்ன ஒழுங்கு தெரியாதவளா?"

"அதான்க்கா. மேசையிலயே விட்டுட்டுப் போனாத்தான் நாங்க எடுத்து ஸ்கேன் பண்ணுவோம். ஸ்கேன் பண்ணாத்தான் ஒருத்தர் படிச்சதா கணக்கு ஏறும். கணக்கு ஏறுன புத்தகத்த கிடங்குக்கு அனுப்பமாட்டாங்க. நீங்களே திருப்பி வெச்சுட்டா யாரும் தொடலன்னு அர்த்தம்."

ஒவ்வொரு மேசையிலும் அந்த வாசகம் ஒட்டியிருந்தது: நூல்களைத் திரும்ப அடுக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுவிடுங்கள். அவரும் பார்த்திருக்கிறார். சோம்பேறிப் பிள்ளைகளுக்காக எழுதியது என்று நினைத்திருந்தார். எழுதியவன் காரணத்தையும் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"இத்தன வருஷத்துல இத ஒருத்தரும் எங்ககிட்ட சொல்லலியா?"

கார்த்திகா தயங்கினாள். "மத்த ஸ்டாஃப்லாம் அந்த மூலைய ரொம்பப் புகழ்வாங்கக்கா. அந்தப் பக்கம் வேலையே இருக்காது, நல்ல மனுசங்க, தொல்லையே இல்லன்னு."

"நல்ல மனுசங்க," என்றார் சீதாலெட்சுமி. குரல் கேட்கவே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நல்ல மனுசங்க. கிளினிக்கில் பெயர் கூப்பிடாவிட்டாலும் எழுந்து கேட்காமல் உட்கார்ந்திருக்கும் நல்ல மனுசங்க. அரசு அலுவலகத்தில் கொடுத்த மனு என்ன ஆனது என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று திரும்பி வரும் நல்ல மனுசங்க. வந்து உட்கார்ந்த சுவடே தெரியாமல் துடைத்துவிட்டு எழுந்து போவதை ஒழுக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் இங்கே யாரும் இல்லை என்று ஓர் இயந்திரம் சொல்கிறது. இயந்திரத்தின் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? அந்தக் கைக்குட்டையின் மேல் வந்தது கோபம்.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், அறிவிப்பைப் பார்த்திருந்த ஜீவன் தன் கழகத்தாரைக் கூட்டினான். பழனியப்பனும் வந்திருந்தார். அவன் கையில் ஏற்கெனவே திட்டம் இருந்தது.

"அக்கா, கிராண்டா செய்யறோம். அலமாரிக்கு முன்னால சரஸ்வதி பூஜை. மாலை, விளக்கு, வீடியோ. ஒரு ஒய்.பி.ய, எம்.பி. யாரையாச்சும் கூப்புடுறோம். அப்புறம் எப்படிக் கை வெக்கிறாங்கன்னு பாப்போம்."

"நல்ல காரியம்தான்," என்றார் பழனியப்பன்.

"மாலை போட்டா ஸ்கேனர் பீப்புன்னு கத்துமா தம்பி?" என்றார் சீதாலெட்சுமி.

மேசையே சிரித்தது. ஜீவனுக்கு முகம் சிவந்தது.

"புத்தகத்தக் கும்புட்டு கும்புட்டுத்தான் இந்த நெலமை. பூஜையன்னைக்குப் புத்தகத்தத் தொடாதன்னு சொல்லிச் சொல்லி, மத்த நாளும் தொடாம இருக்கக் கத்துக்கிட்டோம். பழனியண்ணே, நீங்களும்தான். கண்ணுல ஒத்தாதீங்க, மேசையில வைங்க." பிறகு கார்த்திகா சொன்னதை விளக்கினார்.

ஜீவன் கையைத் தட்டினான். "ஐயோ, இவ்ளோதானா? ஈஸி லா அக்கா! நாங்க ஒரு முப்பது பேர் வரோம். எல்லாத்தையும் எடுத்து மேசையில கொட்டிட்டுப் போறோம். ஒரே நாள். செட்டில்."

சீதாலெட்சுமிக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம்," என்றார்.

"ஏன்க்கா? அவுங்க மட்டும் நியாயமா செஞ்சாங்களா?"

"செய்யல. நம்மள இல்லன்னு எழுதிட்டாங்க. அதுக்காக நாம படிக்காதத படிச்சோம்னு எழுத முடியாது. நான் முப்பது வருஷமா அடுத்தவன் பொய்யத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன். ஒக்காந்து படி. படிச்சத மேசையில விடு. எவ்வளவு ஏறுதோ ஏறட்டும்."

"பரீட்சை வெப்பீங்களாக்கா?" என்று ஒரு பையன் கேலி செய்தான்.

"வெப்பேன்."

முதல் சனிக்கிழமை நான்காவது மாடி நிரம்பியது. பாதிப் பேர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அவர்களைக் காணோம். மூன்றாவது வாரம் ஒரு பட நடிகர் கோலாலம்பூர் வந்திருந்தார்; மாடியில் மறுபடி பழைய சிறு கூட்டம்தான். சீதாலெட்சுமி கோபத்தில் இரண்டு மடங்கு படித்தார். லோரி கம்பெனியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வார நாளிலும் வந்தார். ஜீவன் மட்டும் யாரும் எதிர்பாராத விதமாக விடாமல் வந்தான். ஒரு நாள் ஒரு கவிதைத் தொகுப்பை மேசையில் அறைந்தான்.

"அக்கா, இது சத்தியமா மோசமான கவிதை."

"மோசம்னு சொல்றதுக்காவது ஒருத்தன் வந்தியே. மேசையில விடு."

பழனியப்பனுக்குத்தான் கை வரவில்லை. படித்து முடித்தால் கை தானாக அலமாரிக்குப் போகும்.

"அண்ணே! கைய எடுங்க!"

"அப்படியே போட்டுட்டுப் போனா மனசு கேக்கமாட்டேங்குது தங்கச்சி. என்ன நெனப்பாங்க?"

"நெனக்கட்டும். நாம வந்தது தெரியட்டும்."

பருவம் முடிந்தது. படிக்கப்பட்டவை அலமாரியில் நின்றன. மற்றவை, பாதிக்கும் மேல், தள்ளுவண்டிகளில் ஏறின. சீதாலெட்சுமி மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் மலர் தப்பிவிட்டது. ஆனால் அவர் திறந்தே பார்க்காத சங்க அறிக்கைகள் வண்டியில் இருந்தன. அவற்றுக்குள் யார் யாருடைய பெயர்கள் இருக்கின்றனவோ.

"நான் அன்னைக்கே சொன்னேன்க்கா," என்றான் ஜீவன். குரலில் கேலி இல்லை. "கொட்டியிருந்தா எல்லாமே நின்னிருக்கும்."

அது உண்மை. சீதாலெட்சுமியிடம் கோபம் மட்டும் இருந்தது. வரிசையைப் பார்வையிட வந்த புவான் ரோஸ்னாவிடம் அதைத்தான் கொண்டுபோனார்.

"இனி இவற்றை யாரும் பார்க்கவே முடியாதா?"

"ஏன் முடியாது? கிடங்கிலிருந்து எந்த உறுப்பினரும் வரவழைக்கலாம். முகப்புக்கே வரும். ஒருவருக்கு ஒரு முறைக்கு ஐந்து. ஒரு வருடத்தில் யாராவது கேட்ட புத்தகத்தை நாங்கள் அகற்ற மாட்டோம்."

"இதை ஏன் அந்த அறிவிப்பில் போடவில்லை?"

"இணையப் பக்கத்தில் இருக்கிறதே. யாரும் கேட்கவில்லை."

யாரும் கேட்கவில்லை. தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கும் கதவுக்கு இவர்கள் சேவை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சீதாலெட்சுமி பையிலிருந்து மாணவர் அட்டையை எடுத்தார்.

"வெளி உறுப்பினருக்கும் உண்டா?"

"உண்டு."

"பழனியண்ணே, கார்ட எடுங்க. ஜீவா, நின்னு வேடிக்கை பாக்காத. ஒன் கழகத்துல அந்தப் படம் எடுத்த பசங்க எத்தன பேரு? போன் போடு. அத்தன பேருக்கும் கார்டு இருக்குல்ல? ஆளுக்கு அஞ்சு. வந்தா ஒக்காந்து படிக்கணும்னும் சொல்லு."

கார்த்திகா அந்த மாடியின் தேடல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "எதுல ஆரம்பிக்கட்டும்க்கா?"

சீதாலெட்சுமி மின்தூக்கிக்குக் காத்திருந்த வண்டியின் மேல்தட்டைக் காட்டினார். "அந்த சங்க அறிக்கை. மொதல் அஞ்சு."

"அக்கா, அது இன்னும் கீழகூட போகலியே."

"போகட்டும். போய்ச் சேந்ததும் திரும்பி வரட்டும்."