இரண்டு விரல் தாராளம்

ஆரணியை ஒட்டிய சேவூரின் நெசவாளர் தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துச் சுருட்டி எடுத்ததும், அதே இடத்தில் ஜெயப்ரியா படகுப் பாயை விரிக்கிறாள். அப்பா வேணுகோபாலின் தறியடியில் கிடக்கும் கழிவு நூலில் சிவப்பாகப் பார்த்து ஒரு சாண் எடுத்துப் பாயில் ஒட்டுகிறாள். அது பறக்கிற விதத்தில் காற்றின் போக்கு தெரியும். "பட்டுன்னா மூச்சு வுட்டாகூட ஆடும்" என்கிறாள்.

எதிர்வீட்டுக் கலைமகள் சும்மா இருக்கமாட்டார். "இன்னாடி, ஆரணில ஏது கடலு?"

"ஏரி ரொம்பட்டும்க்கா. மொதல்ல உன்னதான் ஏத்திக்கினு போவேன். நீ குந்தினா படகு கவுறாது."

ஜெயப்ரியா கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றவள். பன்னிரண்டு வருடமாகப் போட்டிகளுக்குப் போகிறாள். டவுன் பஸ்ஸிலும் காற்று வரும் பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். கிழிந்த பாய்களைத் தைத்துக் கொடுப்பது தொழில். முழுப் பாய் தைக்க யாரும் அவளை நம்பிக் கொடுத்ததில்லை. சென்ற மாதம், தானே தைத்த பாயுடன் முதல்முறையாகப் போட்டிக்குப் போனாள். அது அளவுச் சோதனையில் தேறினால்தான் மற்றவர்கள் கொடுப்பார்கள்.

வேணுகோபாலும் பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் உடன் போயிருந்தோம். அளப்பவர் பாயைத் தரையில் விரித்து, டேப்பை இருமுறை வைத்துப் பார்த்தார். அடி விளிம்பு இரண்டு விரற்கடை கூடுதல்.

"படகு எறக்கறதுக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா இந்தப் பாயோட ஓட முடியாது."

அந்த விளிம்பை வெட்டியவர் வேணுகோபால். "புடவை கொறைஞ்சா கடைக்காரரு திருப்பி வுட்டுடுவாரு. அதான் எப்பவும் போல ரெண்டு வெரல் தாராளமா வுட்டேன்மா" என்றார்.

"பேஜார் பண்ணிட்டியே நைனா! இதுல கொஞ்சம் கொறைஞ்சாகூடப் பரவால்ல, கூடவே கூடாது. ஜல்தியா அந்தக் கோடியப் புடி."

அவர் துணியை விறைப்பாகப் பிடித்தார். அவள் தையலைப் பிரித்து, வெட்டி, மடித்து, கையால் சுற்றும் மெஷினில் தைத்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்ததை ஒதுக்கக்கூட இல்லை.

அளப்பவர் மறுபடி டேப்பை வைத்தார். பாயின் மூலையில் முத்திரை குத்திக் கையெழுத்திட்டார்.

வேணுகோபால் வெட்டி விழுந்த துணிக் கீற்றை எடுத்து, மகள் பார்க்காதபடி சட்டைப் பையில் திணித்தார். ஜெயப்ரியா அதை வெளியே உருவினாள். அந்தக் கீற்றாலேயே தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு, படகைத் தண்ணீருக்குள் தள்ளினாள்.