பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய்

முதல் அறிகுறி என் செருப்பு. திண்டிவனத்தில் நான் எழுத்தராக வேலை பார்க்கும் பள்ளியின் வளாகத்தைக் கடந்து, அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இடது காலில் செருப்பு இல்லாததைப் பார்த்தேன். எங்கே கழன்றது என்று காலுக்கே தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மேசைக்கு அடியில் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன்.

எட்டு ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை. அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது, எனக்கும் வந்தது. நம் உடம்பு வாகு அப்படி என்று சொல்லிக்கொண்டு மாத்திரையைப் போட்டேன். நடக்கச் சொன்னால் முழங்கால் வலி என்று தட்டிக்கழித்தேன். என்னை நான் இருக்கிறபடி ஏற்றுக்கொண்டுவிட்டதாகப் பெருமை வேறு. சோம்பலுக்குத்தான் அப்படிப் பெயர் வைத்திருந்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் படிக்கும் உங்களில் சிலரும் இப்படித்தான் இருப்பீர்கள், அதனால் மறைக்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு மருத்துவர், மெல்லிய இழை ஒன்றால் என் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பல இடங்களில் அவர் தொட்டதே தெரியவில்லை. நியூரோபதி (நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார். இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி. காலையிலும் இரவிலும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. தலையாட்டினேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நாங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்துத் தமிழ் ஜைனர்கள். பொழுதோடு சாப்பிட்டுவிடுவோம், சூரியன் மறைந்தால் சாப்பாடு கிடையாது. வேலைக்குப் போன பிறகு என் கணவரே அதை விட்டுவிட்டார். நான் விடவில்லை. பதினாறு வயதில் நானாக ஏற்ற விரதம் அது. கல்லூரி விடுதியில் "இவ கோழியோட கோழியா அடைஞ்சிடுவா" என்று கேலி செய்ததிலிருந்து, வெளியாட்களிடம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சீட்டில் 'இரவு' என்று இருந்தது. ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு சாப்பாடு இல்லை. மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தேன். ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைவது). பக்கத்து மருத்துவமனையில் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

மறுவாரம் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். என் கணவர் குறுக்கே விழுந்தார்.

"விட்டுத் தொலைக்கச் சொல்லுங்க சார். உசுரு பெருசா, விரதம் பெருசா?"

"அத ஏங்க விடணும்?" என்றார் மருத்துவர். "முன்னாடியே சொல்லியிருந்தா ஊசிய அஞ்சு மணிக்கு மாத்தியிருப்பேன். ஆனா ஒண்ணும்மா. சக்கரை எறங்கிச்சின்னா, எந்நேரமா இருந்தாலும் இனிப்பா எதுனா சாப்பிடணும். சரியா?"

மறுபடியும் தலையாட்டினேன். மனம் சம்மதிக்கவில்லை. அவர் சொல்லி வாங்கிய குளுக்கோஸ் தூள் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்தால் விரதத்தை முறிக்கத் தயாராகிவிட்டதாக ஆகுமே என்று அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

மற்ற எல்லாவற்றையும் மாற்றினேன். விடியற்காலையில் நடந்தேன். பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பயம் மட்டும் போகவில்லை. வியர்த்தால் வெயிலா, சர்க்கரையா? கை நடுங்கினால் அது சர்க்கரையாலா, பயத்தாலா? என் உடம்பை நானே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒருநாள் தனியாக விழுப்புரம் போனேன். மருத்துவரைப் பார்த்து முடிக்கவே நேரமாகிவிட்டது. ஐந்து மணிக்கு அங்கேயே ஊசி போட்டுக்கொண்டு, பேருந்தில் சாப்பிடலாம் என்று இட்லி டப்பாவோடு ஓடினேன். பேருந்தில் நிற்கத்தான் இடம். விக்கிரவாண்டி தாண்டி ஒரு இருக்கை கிடைத்தபோது வெளியே இருட்டிவிட்டது. மடியில் டப்பா. திறக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் பேருந்து நெரிசலில் நின்றது. முதலில் பசி, பிறகு வியர்வை. பிறகு ஜன்னல் கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. வீட்டுக்குப் போய்விடலாம், இன்னும் அரை மணிதான் என்று சொல்லிக்கொண்டேன். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதும் சாப்பாட்டில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விரதம். என் உயிரும் அந்தக் கணக்கில் உண்டு என்று பின்னால்தான் தோன்றியது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: எனக்குச் சாக விருப்பமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கெடாரில் களையெடுக்கப் போகிறவராம், என்னையே பார்த்தார்.

"இன்னாக்கா, பனி கொட்டுது, உனுக்கு இப்டி வேர்க்குது?"

வாயைத் திறந்தேன். நாக்கு குழறியது. "சக்கரை எறங்குதும்மா. இனிப்பா எதுனா வச்சிருக்கியா?"

"பேரப்பசங்களுக்குக் கலர் சோடா வாங்கிக்கினு போறேன். இரு." மூடியைத் திருகி என் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "ஜல்தி குடி."

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, இருட்டில் ஒரு வாய். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அழுவாதக்கா, சரியா பூடும்" என்று முதுகைத் தடவினார். எதற்காக அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

கால் மணி நேரத்தில் கம்பிகள் ஒழுங்காகத் தெரிந்தன. சர்க்கரை மறுபடி இறங்காமலிருக்க டப்பாவைத் திறந்தேன். பேருந்து விளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொரு இட்லியையும் பிட்டு, பூச்சி ஏதும் இல்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்துச் சாப்பிட்டேன். அவருக்கும் இரண்டு கொடுத்தேன்.

திண்டிவனத்தில் இறங்கியபோது மணி ஏழரை. அந்த நேரத்தில் வயிறு அப்படி நிறைந்திருந்தது எனக்கு விநோதமாக இருந்தது. வேறு யாருடைய உடம்பிலோ நின்றுகொண்டிருப்பதாகப் பட்டது. ஆனால் கை நடுங்கவில்லை.

என் கணவர் வண்டியோடு காத்திருந்தார். காலி டப்பாவைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப சாப்ட?"

"இப்பதான். பொழுது போயி."

அவர் டப்பாவை வாங்கி வண்டியில் மாட்டினார்.

"நாளைக்குப் பொழுதோட சாப்டுடுவேன்" என்றேன், யாரோ தடுக்க வந்த மாதிரி.

"சாப்டு. யாரு வேணாம்னா?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.