ஸ்வெட்டரின் இடது கை

விருத்தாசலத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். எங்கள் தெருவில் தாரே உருகிக்கொண்டிருந்தது. மின்விசிறியைப் போட்டால் நூல் பறந்து சிக்கலாகும். நிறுத்தினால் உள்ளங்கை வியர்த்து ஊசி வழுக்கும். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றபடி, ஊட்டிக்கா கிளம்புறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார். நான் ஊசியிலேயே கண்ணை வைத்துக்கொண்டேன். பதில் சொன்னால் நல்லதாக எதுவும் வாயில் வந்திருக்காது.

மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் தலைகீழ். மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை. அவள் வளையல் போட்டுக்கொள்ள மட்டும் இங்கே வந்திருந்தாள், போட்டுக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயில், அன்று இரவு சென்னையில் விமானம். எங்கள் இருவருக்கும் விசா கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ஆக, மார்கழியில், பனி கொட்டும் ஊரில், பக்கத்தில் தாய் இல்லாமல் என் மகள் பிள்ளை பெறப் போகிறாள். இந்த நினைப்பே எனக்கு நெருப்பை மடியில் கட்டிக்கொண்டது போலிருந்தது. அதற்குமேல்தான் அவள் ஸ்வெட்டர் கேட்டாள்.

பிள்ளை பிறந்ததும் பின்னிப் பார்சலில் அனுப்புகிறேன் என்றேன். அதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும் என்றாள். கடையில் வாங்கிக்கொள்ளேன் என்றேன்.

"கடையில எல்லாம் கெடைக்கும்மா. நீ கெடைக்க மாட்ட. உன் கை பட்டது ஒண்ணாவது அங்க இருக்கட்டும்."

இதற்கு எந்தத் தாய் முடியாது என்று சொல்வாள்? நான் சொல்லத்தான் பார்த்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

இவளுக்கு முன்னால் எனக்கு ஒரு ஆண்பிள்ளை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் நான், அங்கேதான் பின்னல் பழகினேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது சும்மா இருக்க முடியாமல் மஞ்சள் ஊல் நூலில் சட்டை, குல்லாய், காலுறை எல்லாம் பின்னி முடித்து, மடித்து வைத்துவிட்டேன். பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் நாத்தனார், என் கணவரின் அக்கா, யாரிடமோ சொன்னது உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது.

"வவுத்துல இருக்கறப்பவே சட்டை பின்னி வச்சா, புள்ள எப்புடித் தங்கும்?"

அதோடு ஊசியைத் தொடுவதை விட்டேன். மகள் பிறந்தபோது அவளை அவள் அப்பாவின் பழைய வேட்டியில்தான் சுற்றினோம். அண்ணன் ஒருவன் பிறந்து தங்கவில்லை என்பது மகளுக்குத் தெரியும். சட்டை விஷயம் தெரியாது. நாத்தனாரோடு நான் சண்டை போட்டதில்லை. நல்லது கெட்டதுக்குப் போய் வந்தோம், சேர்ந்து சமைத்தோம், அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. அந்தச் சட்டை என்ன ஆயிற்று என்றும் நான் யாரையும் கேட்கவில்லை.

எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை கிடையாது. பயம் உண்டு. நம்பிக்கை இல்லாத மனதிலும் பயம் மட்டும் தனியாகக் குடியிருக்கும் என்பதை அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

ஊலைச் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். கடைத்தெருவில் கிடைப்பது பொம்மை செய்கிற முரட்டு ஊல், பிள்ளையின் தோலுக்கு ஆகாது என்றேன். கணவர் மறுநாளே பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், வெள்ளையில் மெத்தென்று ஒரு பை நிறைய வாங்கிவந்து என் மடியில் வைத்தார். சமையலறையையும் கையில் எடுத்துக்கொண்டார். அவர் வைத்த ரசத்தை யாரும் குறை சொல்லக் கூடாது என்று மகள் உத்தரவு போட்டாள். மாப்பிள்ளை தினமும் வீடியோவில் வந்து, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுக் கைதட்டினார். வீடே என்னைத் தூக்கி நிறுத்தியது. ஓட மனமில்லாதவளை வாசலில் நின்று ஓடு ஓடு என்று கத்தினால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு கைதட்டலுக்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

குல்லாயும் காலுறையும் எப்படியோ முடிந்தன. உடம்பின் முன்பக்கம், பின்பக்கம் முடிந்து தோளில் சேர்த்தும் ஆயிற்று. கையில்தான் நின்றேன். கை இல்லாதவரை அது ஒரு துணி. கை வைத்துவிட்டால் அதற்குள் ஓர் ஆள் வந்துவிடுகிறான். பாதிக் கை பின்னுவேன், நீளம் அதிகம் என்று பிரிப்பேன். மறுபடி பின்னுவேன், குறைச்சல் என்று பிரிப்பேன். மகள் போனில் அளவு தேடிக் கொடுத்தாள். அது வெள்ளைக்காரப் பிள்ளைக்கு என்றேன். நூல் பிரித்துப் பிரித்துச் சுருள் விழுந்து நூடுல்ஸாகிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம், மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கை இல்லாத அந்தச் சட்டையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் விரித்தாள்.

"இங்க பாரும்மா, போட்டா இப்புடித்தான இருக்கும்?"

என்ன செய்தேன் என்று தெரிவதற்குள் செய்துவிட்டேன். வெடுக்கென்று பிடுங்கினேன். சட்டையிலிருந்து நூலை அறுக்காமலே கையைத் தொடங்கியிருந்ததால், ஊசியிலிருந்த பாதிக் கையும் சேர்ந்து இழுபட்டது. கண்ணிகள் வரிசையாக நழுவிக் கீழே ஓடின. வயிற்றில் எதையும் வைக்காதே, அறிவிருக்கிறதா என்று கத்தினேன். அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்தது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவர் கரண்டியோடு வந்து நின்றார். அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிடு என்றார். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எதைச் சொல்வது என்று அவர் மீதும் விழுந்தேன். இது முடியாது, அவள் வெறுங்கையோடு போகட்டும், என்னைத் திட்டட்டும் என்று ஊசியைப் பைக்குள் போட்டேன். அன்று முழுக்கத் தொடவில்லை. மகள் சாப்பிட வந்தாள், என்னோடு பேசவில்லை. ஊருக்குப் போகிற பிள்ளையின் நாட்களை நானே வீணாக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் நாத்தனார் வந்தார். பீங்கான் பொம்மை செய்கிற இடத்தில், சூளைக்குப் போகுமுன் பொம்மைகளின் ஓரங்களை ஈரப்பஞ்சால் தேய்த்துச் சமப்படுத்துவது அவர் வேலை. முடியிலும் புருவத்திலும் களிமண் தூள் வெள்ளையாகப் படிந்திருக்க, வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் நான் எல்லாவற்றையும் அள்ளித் தலையணைக்கு அடியில் திணித்தேன். திருடி மாதிரி இருந்தது எனக்கே. அவர் கண்ணில் பட்டால் அதே சொல் மறுபடி வரும், இந்த முறை என் மகள் காதில் விழும் என்று தலையணை மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

நூல் உருண்டை மட்டும் தரையில் உருண்டு அவர் காலடியில் போய் நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். நூலைக் கையோடு பிடித்துத் தலையணை வரைக்கும் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, சுருள் விழுந்த நூலை நீவி நீவி உருண்டையில் சுற்ற ஆரம்பித்தார்.

"எவ்ளோ மிச்சம் இருக்குது?"

ரெண்டு கையும் என்றேன். எதற்கு நிற்கிறது என்று கேட்டார். அளவு தெரியவில்லை, பிறந்த பிள்ளைக்குக் கை எவ்வளவு நீளம் என்பதே மறந்துவிட்டது என்று அதே பொய்யை அவரிடமும் சொன்னேன். அவர் தலையணையை நகர்த்தி, ஊசியோடு தொங்கிய கையை எடுத்துத் தன் வலது கையின் மேல் விரித்தார். நடுவிரல் நுனியில் ஆரம்பித்து, உள்ளங்கை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் கட்டைவிரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினார்.

"இதுவரைக்கும் போதும். இந்த அளவுதான்."

"ஒங்களுக்கு எப்புடிங்க அண்ணி தெரியும்?"

அவர் உருண்டையை மறுபடி எடுத்தார். நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். உள்ளே மகள் இருமியதைக் கேட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான போட்டேன். அந்த மஞ்ச சட்டைய. புள்ளைய வெறும் துணியில சுத்திப் பொதைக்கக் கொண்டு போறோம்னாங்க. எனக்கு மனசு கேக்கல. வூட்டுக்கு ஓடியாந்து எடுத்துக்கிட்டுப் போனேன். அளவு அவ்ளோ சரியா இருந்துச்சு." நூலை இறுக்கிச் சுற்றினார். "சட்டையில கைய உடறப்ப எந்தப் புள்ளையும் அழுவும் இல்ல? அழுதுடாதான்னு பாத்துக்கிட்டே போட்டேன்."

நான் அந்தச் சட்டை குப்பைக்குப் போயிருக்கும், இல்லை எரித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என் பிள்ளை வெறும் துணியோடு போனான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். யார் வாயில் அந்தச் சொல் வந்ததோ அவர் கைதான் அவனுக்குச் சட்டை போட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. சத்தம் உள்ளே போகாமலிருக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அன்று சொன்னதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு வருகிறேன், நீ பின்னு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மகளின் கதவைத் தட்டினேன். அவள் திறந்ததும் அவள் வயிற்றில் கை வைத்து, எவ்வளவு குதிக்கிறான் பார் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் என் கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை வெளிச்சம் இருந்த நேரமெல்லாம் பின்னினேன். நாத்தனார் நூல் சுற்றித் தந்தார். நான் கண்ணி எண்ணும்போது என் கணவர் பேசினால், தம்பி என்றும் பாராமல் அதட்டினார். கரண்ட் போனபோது விசிறியால் வீசினார். வலது கை முடிந்து உடம்போடு சேர்த்துத் தைத்தும் ஆகிவிட்டது. இடது கை பாதியில் நின்றது. விரல் நுனி சிவந்து, ஊசி பிடிக்க முடியாமல் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷன் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தும் பின்னிக்கொண்டிருந்தேன். கணவர் மகளோடு சென்னை வரை போகிறார். எனக்கு எடுத்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடைசி வரிசை. ஒரு கண்ணி நழுவியது. பிடித்தேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, போதும்மா போதும்மா என்றாள். நான் முடிக்காமல் தருவதாக இல்லை. இன்ஜின் எங்களைத் தாண்டிப் போனபோது கடைசிக் கண்ணியை மூடி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். இடது கை பின்னி முடிந்துவிட்டது. உடம்போடு சேர்க்கத்தான் நேரமில்லை.

வண்டி இங்கே நிற்பது மூச்சு விடுகிற நேரம்தான். கணவர் பெட்டிகளை ஏற்றினார். தைக்கிற ஊல் ஊசியையும் கொஞ்சம் நூலையும் பைக்குள் போட்டு மகளிடம் தந்தேன். ரயிலிலேயே தைத்துவிடுகிறேன் என்றாள் அவள். நாத்தனார் அவள் கையைப் பிடித்தார்.

"இப்ப தைக்காத கண்ணு. அப்புடியே இருக்கட்டும். புள்ள வந்தப்பறம் தை."

அத்தைக்கு ஏதோ சாஸ்திரம் என்று மகள் சிரித்தாள். சரி என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மறுபடியும் அதே பேச்சா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது இன்னும் முழுச் சட்டை இல்லை. மகள் ஏறிப் படியில் நின்று கையசைத்தாள். வண்டி போன பிறகும் நாங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் நின்றோம். அவருக்கும் பயம்தான் என்று அப்போது புரிந்தது. என் பயத்துக்குக் குறையாத பயம்.

அதன்பிறகு ஐப்பசி மழை வந்தது, கார்த்திகை வந்தது. போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுப்பேன். மகள் நன்றாக இருக்கிறேன் என்பாள். சட்டையைப் பற்றி நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள்.

மார்கழியில் ஒரு காலை, நாத்தனார் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, சிரித்துக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளை என்றாள். போனைத் திருப்பினாள். வெள்ளை ஸ்வெட்டருக்குள் சிவப்பாக ஒரு சின்ன முகம். கையின் நீளம் சரியாக இருந்தது. ஆனால் இடது கையை உள்புறம் வெளியே தெரிய, தையல் மேலே துருத்திக்கொண்டு நிற்கத் தைத்து வைத்திருந்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. இவ்வளவு பாடுபட்டுப் பின்னித் தந்தேனே, உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாதா, கழற்று அதை, பிரித்துத் தை என்று ஆரம்பித்தேன். அவள் அதை அங்கேயே கழற்றப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டது. நான் அதற்கும் மேலே குரலை உயர்த்திக்கொண்டு போனேன். நாத்தனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"செத்த சும்மா இரு. அழுவுது பாரு. கேக்கலாம்."

நான் வாயை மூடினேன். இருவரும் போனை நடுவில் பிடித்துக்கொண்டு, அது ஓய்கிற வரைக்கும் நின்று கேட்டோம்.