ஒரே மிஷின், இரண்டு சம்பளம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் என் அக்காவும் மாமாவும் ஒரே கட்டிங் மிஷினில் வேலை பார்த்தார்கள். காலை ஷிப்ட் அவர், மதிய ஷிப்ட் இவள். பதிவேட்டில் அவர் ஆபரேட்டர், இவள் ஹெல்பர். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. யாருக்கு ஹெல்ப் செய்தாள் என்று கேட்டால் காட்ட ஆள் இல்லை. மிஷின் முன்னால் அவள் ஒருத்திதான் நின்றாள். ஒன்பது வருடம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று சட்டமே இருப்பது தெரிந்ததும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கு மனுவை நான் எழுதினேன். கையெழுத்தை அவள் தாள் கிழிகிற மாதிரி போட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டார். "சமமா வேணும், அவ்வளவுதானே? உன் சம்பளத்தைக் குறைச்சு அவளோடதுக்குக் கொண்டு வந்துடறேன். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லு."

மாமா வெலவெலத்துப் போய் வீட்டுக்கு வந்தார். "வீட்டுக் கடன் இருக்கு. விட்டுடேன்."

"விடமாட்டேன்," என்றாள் அக்கா. சொன்னாளே தவிர, ராத்திரி எழுந்து வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் தொழிலாளர் அதிகாரியின் அறையில் மேனேஜர் அதையே மிடுக்காகச் சொன்னார். "ரெண்டு பேரும் செய்றது ஒரே வேலைதான் மேடம். அவரோட சம்பளத்தைக் குறைச்சு சமமாக்கிடறோம்."

அதிகாரி அம்மா நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

"ஒரே வேலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, எழுதிக்கறேன். ஆனா சமமாக்கறதுக்காக யார் சம்பளத்தையும் குறைக்கச் சட்டத்துல இடமில்ல. இவங்களோடதைத்தான் ஏத்தணும்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ நாற்காலியிலேயே ஏறிக் குதிக்கலாம் போல இருந்தது. மிரட்டப் போய்த் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார் மனிதர்.

பத்தாம் நாள் உத்தரவு கைக்கு வந்தது. அதில் அக்கா ஆபரேட்டர். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலக வாசலில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தாளை நீட்டி, "என் சம்சாரம், படிச்சுப் பாருங்க," என்றார். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"ஒம்பது வருஷமா என் சம்பளச் சீட்டை மாசாமாசம் பாத்துட்டுத்தானே இருந்தே. ஏன் முன்னாடியே கேக்கல?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்," என்றாள் அக்கா.